சட்டைப் பையை எங்கே வைப்பது?

திருப்பூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன்.  

படித்தால் ஃபேஷன் டிசைனிங்தான் என்று நீ ஒற்றைக்காலில் நிற்பதாக உன் அப்பா போனில் சொன்னான். பாதிப் பெருமையும் பாதிப் பயமுமாகப் பேசினான். டாக்டருக்கோ நர்ஸுக்கோ என்றால் ஊரில் நாலு பேரைக் கேட்டு வழி தெரிந்துகொள்ளலாம், இதற்குத் திட்டக்குடியில் யாரைப் போய்க் கேட்பது, இந்தத் தொழிலில் இருப்பவள் நீதானே, நீயே அவளுக்குச் சொல் என்றான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உன் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. அது சினிமாக்காரர்கள் வேலை, பணக்கார வீட்டுப் படிப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். மனுஷன் பிறந்த அன்றைக்குத் துணியில்தான் சுற்றுகிறார்கள். போகிற அன்றைக்கும் கோடித் துணிதான். இடைப்பட்ட நாளெல்லாம் உடம்பில் கிடக்கிற ஒன்றை ஒழுங்காகச் செய்யக் கற்பது கௌரவமான படிப்பு.

ஆனால் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படு. செல்போனில் நீ பார்க்கும் மேடையும் வெளிச்சமும் அதன் கடைசி ஐந்து நிமிடம். இங்கே எங்கள் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தால் முதலில் வருவது டெக் பேக் என்கிற காகிதக் கட்டு. படம், அளவு, எந்த இடத்தில் என்ன தையல், லேபிள் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து பேட்டர்ன் மாஸ்டர் காகிதம் வெட்டுவார், சாம்பிள் டெய்லர் தைப்பார், நாங்கள் மேஜையில் விரித்து டேப் வைத்து அளந்து அனுப்புவோம். ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து கமெண்ட் வரும். திரும்பவும் தைப்போம். கழுத்து அரை சென்டிமீட்டர் கூட, கை ஒரு சென்டிமீட்டர் குறைய என்று ஒரு சாதாரண பனியனுக்குப் பின்னால் அவ்வளவு பேச்சு நடக்கும்.

எங்கள் சாம்பிள் செக்‌ஷனுக்கு வருடா வருடம் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வருகிறார்கள். அருமையாக வரைவார்கள். கைக்குழந்தைக்கு ஒரு டி-ஷர்ட் வரையச் சொன்னால் கழுத்தைச் சின்னதாக, அழகாக வரைந்து வைப்பார்கள். இது தலை வழியாக எப்படி இறங்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். பச்சைக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலைதான் பெரிது. அதனால்தான் தோள்பட்டையில் பிரஸ் பட்டன் வைக்கிறோம். இல்லையென்றால் கழுத்தை முழுக்க இழுத்துப் பிடித்து, தலைக்கு வழி விடுகிறதா என்று அளக்கிறோம். தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்த உனக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். நான் உனக்குச் சொல்ல நினைப்பது மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். உடுப்பு யார் உடம்பில் ஏறப்போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள். வரைவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்குத் திட்டக்குடியே போதும். நம் பக்கத்து வயலில் களையெடுக்கும் பெண்களைப் பார். புடவைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். கரும்புச் சோகை கையைக் கிழிக்காமல் இருக்கவும், வெயில் சுடாமல் இருக்கவும் அவர்களே கண்டுபிடித்துக்கொண்ட உடுப்பு அது. எந்த டிசைனரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைக் கிட்டப் போய்ப் பார். ஆம்பளை அளவுக்கு வெட்டியதால் தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். கஃப் உள்ளங்கை வரை வந்து விழும். மடித்து விட்டிருப்பார்கள், கையைச் சேற்றில் வைத்ததும் மடிப்பு அவிழும். மார்பில் பட்டன் இழுத்துப் பிடிக்கும். இடுப்பில் கொசுவத்தின் மேல் ஏறித் தூக்கிக்கொள்ளும். இடது மார்பில் ஒரு பை இருக்கிறதே, அது நிமிர்ந்து நடக்கிறவனுக்காக வைத்த பை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்கு அது இருந்தும் இல்லை. போனை வைத்தால் சேற்றில் விழும். அதனால்தான் காசை இன்றைக்கும் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறார். துணியோ பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டும்.

அந்தச் சட்டையை அவருக்கென்றே தைப்பதாக இருந்தால் நீ எப்படித் தைப்பாய்? பையை எங்கே வைப்பாய்? விலாப் பக்கமா, கீழேயா? மூடி போட்டா, பட்டனா, நாடாவா? ஈரக்கையால் திறக்க வருமா? கையில் பட்டன் வைத்த கஃப்பா, எலாஸ்டிக்கா? எலாஸ்டிக் என்றால் சேறும் வெயிலும் பட்டு எத்தனை நாள் தாங்கும்? என்ன விலை என்றால் தன் கூலியில் அதை வாங்க அவருக்கு மனசு வரும்? காலேஜில் நாலு வருடம் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாம் இந்த ஒரு சட்டையில் இருக்கின்றன. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரலையும் பார்த்துவிட்டு வா. ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் கறுத்துப்போயிருக்கும். அவர்கள் என்ன உடுத்தினால் நல்லது என்று உட்கார்ந்து யோசிப்பவர்கள் நம் தொழிலில் மிகக் குறைவு. நீ யோசி.

ஒரு டேப்பும் நோட்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று கேட்டுக்கேட்டு அளவெடு. தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி என்று வழக்கமான அளவுகளோடு விடாதே. நிற்கும்போது முதுகு நீளம் எவ்வளவு, குனியும்போது எவ்வளவு என்று இரண்டையும் எடு. வித்தியாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். குனிந்தால் சட்டை ஏன் மேலே ஏறுகிறது என்பதற்கு விடை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ரெடிமேட் கடையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று தொங்குகிறதே, அதில் பெரும்பகுதி வெளிநாட்டு உடம்புகளை அளந்து போட்ட கணக்கிலிருந்து வந்தது. நம் ஜனங்களுக்கென்று அளவு வேண்டும் என்றுதான், ஃபேஷன் படிப்பு நடத்தும் நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்ற ஆய்வை எடுத்தது. 15 வயது முதல் 65 வயது வரை 25,000 பேரை, 6 நகரங்களில், முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம். திட்டக்குடிக்கு அந்த ஸ்கேனர் வரவில்லை. நம் ஊர் உடம்பின் கணக்கு உன் நோட்டில் இருக்கட்டும்.

அடுத்தது துணி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் டெய்லர் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியைக் கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை உருவி, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கில் காட்டு. பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். பட்டு முடி கருகிய வாடை அடிக்கும். அந்தத் துண்டை நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் எழுதி வை. இப்படி நூறு துணியைத் தொட்டுப் பார்த்த விரலை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. பின்னலாடைத் துணிக்கு இங்கே ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்குண்டு, ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. அதற்கு ஒரு மீட்டர் துணி வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெட்டி நிறுத்துப் பார்த்து நூறால் பெருக்கு. 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். நகைக்கடைத் தராசு கிடைத்தால் நீயே செய்யலாம்.

ஒரு கைக்குட்டை அளவு பருத்தித் துணியை எடு. பாவு நூல் ஓடும் பக்கமாக இழு, கொடுக்காது. ஊடைப் பக்கம் இழு, கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை பிடித்து இழு, நன்றாக நெகிழும். ஜாக்கெட் கழுத்துக்கு டெய்லர் அக்கா கிராஸ் பீஸ் வெட்டி வைத்துத் தைப்பது இதற்காகத்தான். வளைவில் சுருங்காமல் படியும். இதே கிராஸை வைத்துத்தான் பாரிஸில் மதலீன் வியோனே என்ற பெண்மணி 1920-களில் பெயர் வாங்கினார். 1876-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். கழுத்துப் பட்டிக்கு மட்டும் பயன்பட்ட கிராஸில் முழு கவுனையே வெட்டினார். இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சு இல்லாமலே துணி உடம்போடு வழிந்து இறங்கியது. அவர் காகிதத்தில் வரைந்து ஆரம்பித்தவர் இல்லை. ஒரு சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைப் போர்த்தி, குத்தி, வெட்டிப் பார்த்துத்தான் உடுப்பைக் கண்டுபிடித்தார். நீயும் பழைய துணிக்குள் பஞ்சடைத்து முழ உயரத்தில் ஒரு பொம்மை செய்துகொள். பெரிய துணி வீணாகாமல் எவ்வளவு வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை நடக்கும் இடத்துக்கு அப்பாவோடு ஒரு நாள் போய்வா. மண் காய்ந்து சூளையில் வேகும்போது சுருங்கும் என்று தெரிந்து அச்சையே பெரிதாகச் செய்து வைத்திருப்பார்கள். பருத்தித் துணியும் அப்படியே. நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் கத்திரியை எடுக்க வேண்டும். முதல் சலவையில் சுருங்கிப் போன உடுப்புக்கு அழகான டிசைன் இருந்து என்ன பயன்?

மெஷின் மிதிக்கப் பழகு. பாபின் சுற்றுவது, நூல் டென்ஷன் பார்ப்பது, கோணாமல் நேர்த் தையல் போடுவது, தப்பாகத் தைத்ததை இழை கிழியாமல் பிரிப்பது எல்லாம் கைக்கு வர நாள் பிடிக்கும். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலும் உண்டு, ஓவியமும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. அதை எழுதி வைத்துக்கொள். சான்றிதழை விட, அதற்காகப் பழகுகிற பழக்கம் பெரிது. துணியின் மேல் காகிதத் துண்டுகளை எப்படி நெருக்கி அடுக்கினால் துணி மிஞ்சும் என்றும் கணக்குப் போட்டுப் பார். ஒரு பனியனின் அடக்க விலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. அடுக்கத் தெரிந்த ஆளுக்குத் திருப்பூரில் என்றைக்கும் மரியாதை.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதே. வெள்ளாற்றைத் தாண்டி அகரம்சீகூர் வழியாகப் பெரம்பலூர்ப் பக்கம் போனால் பருத்திக் காட்டைப் பார்க்கலாம். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறார்கள். புவனகிரியில் பட்டு. ஜெயங்கொண்டம் தாண்டிக் கொள்ளிடக் கரையில் கோடாலிக்கருப்பூர் என்று ஒரு ஊர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே ஒரு புடவை செய்தார்கள். பருத்தியில் ஜரிகைப் பூ நெய்து, அதற்கு மேலே தூரிகையால் எழுதி, அச்சுக் குத்தி, சாயம் ஏறக் கூடாத இடத்தை மறைத்துச் சாயம் ஏற்றி, நெசவும் ஓவியமும் ஒரே துணியில் கலந்து வந்தது. ஆதரித்த அரசு போனதும் அந்தப் புடவையும் போயிற்று. இன்றைக்கு அருங்காட்சியகத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த வழியில் வந்த கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் பழைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிக்குப் பேர் போனது. அந்த நீலத்தில் தோய்த்த துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிருக்கிறது. திண்டிவனம் பக்கம் இப்போதும் அவுரி போட்டு நீலம் எடுக்கிறார்கள். பாரிஸ், மிலான் என்று படம் பார்க்கிற கண் இதையும் பார்க்கட்டும். நாளை நேர்முகத்தில் உட்காரும்போது எல்லோரும் சொல்கிற நாலு பெயரை நீயும் சொல்ல வேண்டியிருக்காது.

கந்தலும் டிசைன்தான். பாலா எடுத்த ‘பரதேசி’ படம் உன் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கூலிகளின் கதை. அதில் ஒரு பளபளப்பு கிடையாது. அழுக்கேறி, நைந்து, கிழிந்த உடுப்புகள். அந்த உடுப்புகளுக்காகத்தான் பூர்ணிமா ராமசாமிக்கு 60-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான விருது கிடைத்தது. ஏழையின் வேட்டி எங்கே முதலில் நையும், தோளில் சுமக்கிறவன் துணி எங்கே கிழியும் என்று பார்த்தறிந்த கண்ணுக்குத்தான் அது வரும்.

இனி படிப்பு. சென்னை தரமணியில் நிஃப்ட் 1995-லிருந்து இருக்கிறது. நான்கு வருட பி.டெஸ். படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதனால் பதினொன்றில் உனக்குப் பிடித்த பாடத்தை எடு. ஆனால் உடுப்புத் தயாரிப்பின் தொழில்நுட்பத்தைப் படிக்கும் பி.எஃப்.டெக். மீதும் ஒரு கண் இருந்தால், அல்லது கோவை, சேலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஃபேஷன் டெக்னாலஜி சேர நினைத்தால், கணக்கு வேண்டும். என்னைக் கேட்டால் கணக்கை விடாதே என்பேன். இரண்டு கதவும் திறந்திருக்கும். நிஃப்ட் நுழைவுத் தேர்வில் கற்பனைத் திறனுக்கு ஒரு தாள், பொது அறிவும் ஆங்கிலமும் கணக்கும் சேர்ந்து ஒரு தாள், அதில் தேறினால் கொடுத்த பொருளை வைத்துக் கையால் ஒன்றைச் செய்து காட்டும் தேர்வு. நான் சொன்ன பொம்மையும் துண்டுத்துணியும் கடைசித் தேர்வில் கை கொடுக்கும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் மீடியத்தில் படிக்கிற உனக்கு இப்போதே ஆங்கிலம் வாசிக்கிற பழக்கம் வேண்டும். தினம் ஒரு பக்கம் போதும், ஆனால் தினம். விண்ணப்ப அறிவிப்பு வழக்கமாக வருடக் கடைசியில் வரும், அரையாண்டுத் தேர்வு மும்முரத்தில் தவறவிட்டுவிடாதே.

செலவை மறைக்க மாட்டேன். நிஃப்ட்டில் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டண உதவி செய்யும் திட்டம் அங்கேயே இருக்கிறது, வங்கிக் கடனும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் உனக்குக் காலேஜில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. நிஃப்ட்டில் இடம் கிடைக்காவிட்டால் உலகம் நின்றுவிடாது. கோவை வட்டாரக் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. நெசவையே ஆழமாகப் படிக்க சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 1960-லிருந்து. ஐ.டி.ஐ.யில் ஒரு வருடத் தையல் படிப்பு முடித்து வந்து இன்றைக்குச் சாம்பிள் செக்‌ஷனை நடத்துகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ஆறு மாதத்தில் டிசைனர் ஆக்குகிறோம் என்று போர்டு போட்ட இடத்தில் லட்சக்கணக்கில் கட்டிவிடாதீர்கள். இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு. சேருவதற்கு முன்னால் நேரில் போய், ஒரு மாணவிக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷின் கிடைக்கும், பேட்டர்ன் மேஜை எத்தனை, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்கச் சொல். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண் நொய்யல் ஆற்றின் கதையையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். எங்கள் ஊர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே விவசாயத்துக்கு உதவாமல் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடக் கூடாது என்று ஆன பிறகுதான் மெல்ல மீண்டும் திறந்தார்கள். ஒரு நிறத்தை நீ தேர்ந்தெடுத்தால் அந்தச் சாயம் எங்கோ ஒரு தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. வெள்ளாற்றங்கரையில் வளர்ந்த பெண் அதை மறக்கக் கூடாது.

இப்போது உனக்கு ஒரு வேலை. களையெடுக்க வருகிற ஒரு அக்காவைக் கேட்டு, அவருக்கு அளவெடுத்து, பருத்தித் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடு. துணிக்குப் பணம் அப்பா கணக்கில் போட்டிருக்கிறேன். அந்த அக்கா ஒரு மாதம் போட்டு வேலை செய்யட்டும். எங்கே கிழிந்தது, எங்கே இழுத்துப் பிடித்தது, பையில் எதை வைத்தார் என்று கேட்டு ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. கோடை விடுமுறையில் அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வா. எங்கள் பேட்டர்ன் மாஸ்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மேஜையில் விரித்து, அவரோடு உட்கார்ந்து இரண்டாவது சட்டைக்குக் காகிதம் வெட்டுவோம்.

அன்புடன்,
உன் அத்தை